வடசென்னையில் விற்பது கேரட்டே இல்லையாம்!

சாவடிக்காரன்:
நம் ராயபுரம் ராக்கெட் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தாராம். தாத்தாவிலிருந்து பேரன்வரை ஒரு வீடே சேர்ந்து பாடுபடுகிற தோட்டமாம். நல்ல விஷயம். ஆனால் கடைசியில் ஒரு வரி: "மண்ணிலிருந்து பிடுங்கி, கழுவாமல், வேட்டியில் துடைத்துத் தின்றேன். அதுதான் கேரட். வடசென்னையில் விற்பது கழுவிக் கழுவிச் சக்கையான ரப்பர்."
பிறந்ததிலிருந்து காய்கறி மூட்டையோடு புரண்டவன் நான். ஒன்றே ஒன்று சொல்லட்டும். வடசென்னையில் கேரட்டை யாரப்பா கழுவுகிறார்கள்?

ராயபுரம் ராக்கெட்:
அண்ணே, உங்களை ஒன்றும் சொல்லவில்லையே. காலை ஏழு மணி, பனிகூட விலகவில்லை. அந்தப் பெரியவர் தழையைக் கொத்தாகப் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தார். கேரட் வந்த குழியிலிருந்து ஈரமண் வாசனை குப்பென்று அடித்தது. கடித்தால் கரும்பு. திரும்பி வந்து எங்கள் தெருத் தள்ளுவண்டியில் வாங்கினேன், விரலில் மோதிரமாகச் சுற்றலாம்போல வளைகிறது. இதைச் சொன்னால் குற்றமா?

சாவடிக்காரன்:
வளைகிறது என்று எழுதியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். "கழுவிக் கழுவி" என்றல்லவா எழுதினாய்! கழுவுவது உன் புண்ணிய மலையில். கேத்தி பாலாடா பக்கம் வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கலாம். கேரட்டைப் பெரிய உருளையில் கொட்டிச் சுற்றவிட்டுத் தண்ணீர் அடிப்பார்கள். செம்மண் குழம்பாக ஒரு பக்கம் ஓடும், இன்னொரு பக்கம் கேரட் பளபளவென்று வந்து விழும். அப்புறம்தான் மூட்டை, அப்புறம்தான் லாரி, மேட்டுப்பாளையம் மண்டியோ கோயம்பேடோ. மண்ணோடு அனுப்பினால் மண்ணுக்கும் சேர்த்து எடை போட்டுக் காசு கொடுக்க யாருக்கு மனசு வரும்?

வியாசை வாலிபன்:
ஒரு சந்தேகம். ராக்கெட் போட்ட போட்டோவில் ஜீன்ஸ் தெரிகிறது. வேட்டி எங்கே?

ராயபுரம் ராக்கெட்:
பெரியவர் வேட்டியில் துடைத்தார். எழுதும்போது விட்டுப்போயிற்று.

வியாசை வாலிபன்:
அடுத்தவர் வேட்டியா! சரி சரி, மண் வாசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

பெரம்பூர் பாவை:
விவசாயம் படித்தவள் என்பதால் இரண்டு வார்த்தை. கேரட் வளைவது ஈரம் போனதால். கழுவினதால் அல்ல. தழையை விட்டுவைத்தால் அது ஈரத்தை இழுத்துவிடும், அதனால்தான் அறுத்துவிட்டு அனுப்புகிறார்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் வண்டியில் கிடந்தால் எந்தக் கேரட்டும் துவளும். குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தால் மறுபடி விறைக்கும். இனிப்புக்குக் காரணம் மலைக்குளிர், அது உண்மை.
ராக்கெட் தம்பி, "மருந்தே போடாத இயற்கைத் தோட்டம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இயற்கை என்று எதைச் சொல்கிறீர்கள்? ரசாயன உரமும் கிடையாதா, பூச்சிமருந்து மட்டும் கிடையாதா, சான்றிதழ் ஏதாவது உண்டா? அதை முதலில் பேசலாமே.

சாவடிக்காரன்:
அதெல்லாம் இருக்கட்டும் அம்மா. கழுவுவது யார்? அதற்குப் பதில் வரவில்லை.

ராயபுரம் ராக்கெட்:
அந்தக் குடும்பம் கழுவவில்லை அண்ணே. என் கண்ணால் பார்த்தேன். கூடையில் மண்ணோடுதான் இருந்தது. வீட்டுக்கும் பத்து கிலோ மண்ணோடுதான் கொண்டு வந்தேன், கூடவே உருளைக்கிழங்கும். தலைமுறை தலைமுறையாக நம் மலை மக்கள் விளைவித்த நம் மண்ணின் கேரட். பெருமையாக இருக்கிறது.

சாவடிக்காரன்:
கூடையில் மண்ணோடு பார்த்தாய், சாயங்காலம் அதே கூடை எங்கே போயிற்று என்று பார்த்தாயா?
அப்புறம், "நம் மண்ணின் கேரட்" என்பது நல்ல தமாஷ். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் வந்த பிறகுதான் அங்கே இந்தக் காய்களெல்லாம் பரவின. கேரட், பீட்ரூட், கோஸ், நூக்கல் எல்லாவற்றையும் இன்றைக்கும் மார்க்கெட்டில் இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்கிறோம். கொத்தவால் சாவடியில் என் அப்பா கடையில் நாட்டுக்காய் ஒரு பக்கம், இங்கிலீஷ் காய் ஒரு பக்கம். 1996இல் மார்க்கெட்டையே கோயம்பேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், நானும் கூடவே போனேன். வடசென்னைக்காரனுக்குக் காய் தெரியாதாம்!

வியாசை வாலிபன்:
சாவடி அண்ணன் 1996க்கு வந்துவிட்டார். இனி தூங்கப் போகலாம்.

சாவடிக்காரன்:
நீ தூங்கு தம்பி. விடியற்காலை மூன்று மணிக்கு லாரி இறக்கிப் பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டாய்.

பெரம்பூர் பாவை:
வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே படகர் இன மக்கள் அங்கே ராகியும் சாமையும் விளைவித்துக்கொண்டிருந்தார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா.
ராக்கெட் தம்பி, மண்ணோடு உருளை கொண்டு வந்தது பெருமைப்படுகிற காரியம் இல்லை. நீலகிரி உருளையில் வேரைத் தாக்கும் நூற்புழு இருப்பதை 1961இல் கண்டுபிடித்தார்கள். மண்ணில் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். அதனால்தான் அங்கிருந்து விதை உருளை வெளியே போகத் தடை. சமைக்கிறதோடு விட்டுவிடுங்கள், மாடித் தொட்டியில் நட்டுவிடாதீர்கள்.

ராயபுரம் ராக்கெட்:
நேற்றே நட்டுவிட்டேன் அக்கா.

கொருக்குப்பேட்டை குரு:
தோட்டம், கேரட் எல்லாம் சரி. போன வருடம் ஏலகிரி போன வேனுக்கு 450 ரூபாய் ராக்கெட் இன்னும் தரவில்லை. கோத்தகிரிக்கு மட்டும் பணம் வந்துவிட்டதா?

ராயபுரம் ராக்கெட்:
குரு, அந்த வேனில் எனக்கு உட்கார இடமே கொடுக்கவில்லை. ஸ்டெப்னி மேல் உட்கார்ந்து வந்தவனிடம் முழுக்காசு கேட்கிறாய்.

கொருக்குப்பேட்டை குரு:
ஸ்டெப்னியும் ஏலகிரிக்குத்தான் போயிற்று.

சாவடிக்காரன்:
வேன் கணக்கைத் தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டிக்காரர் பாவம், வாங்கினபடி விற்கிறார். சாக்கு நனைத்துப் போர்த்துவார், அதிகம் போனால் தண்ணீர் தெளிப்பார். தெளிப்பது கழுவுவது ஆகுமா? அந்த வரியை மாற்றி எழுது, நான் பேசாமல் போகிறேன்.

ராயபுரம் ராக்கெட்:
தண்ணீர் பட்டால் கழுவினதுதான்.

சாவடிக்காரன்:
அப்படியென்றால் மழை பெய்தால் உன் மலைக் கேரட்டும் கழுவின கேரட்தான்.

ராயபுரம் ராக்கெட்:
அது மண்ணுக்குள்ளே இருக்கிறது அண்ணே! மழை எப்படிக் கழுவும்? இதைக்கூட யோசிக்காமல் காய் வியாபாரம் செய்தீர்களா?

சாவடிக்காரன்:
வியாபாரத்தைப் பற்றிப் பேசாதே. உன் அக்கா கல்யாணத்துக்குக் காய் யார் இறக்கினது என்று வீட்டில் போய்க் கேள்.

பெரம்பூர் பாவை:
தொட்டியிலிருந்து அந்த உருளையை எடுத்துவிட்டீர்களா?

வியாசை வாலிபன்:
அதைக் கழுவிவிட்டு நட்டாரா என்று கேளுங்கள் அக்கா.

ராயபுரம் ராக்கெட்:
அடுத்த மாதம் மறுபடி போகிறேன். வீடியோவே எடுத்துப் போடுகிறேன், அப்போது பேசுங்கள்.

சாவடிக்காரன்:
போ. கேத்தி பாலாடாவில் நின்று எடு. மெஷின் ஓடுவது தெரிகிற மாதிரி எடு.

கொருக்குப்பேட்டை குரு:
போவதற்கு முன்னால் 450.