கர்னல் ஐயாவோடு பழகியவர்கள் எழுதுங்கள்

கணியம்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியை

கர்னல் ஐயா காலமாகி இரண்டு வாரம் ஆகிறது. வயது 81. படத்திறப்பு அன்று ஆளாளுக்கு ஒரு சம்பவம் சொன்னோம். வீடு வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி மறந்துவிட்டது. அதனால்தான் கேட்கிறேன், அவரோடு பழகியவர்கள் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவையுங்கள். நானே தொடங்குகிறேன்.

பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றுதான் சொல்வார்கள். பட்டாளத்துக்காரர் என்பது எங்கள் வட்டாரத்தில் அதிசயமே இல்லை. ஆனால் பட்டாளத்தில் மாட்டு டாக்டருக்கு என்ன வேலை என்று அவர் குடிவந்த புதிதில் எல்லோரும் கேட்டோம். சலிக்காமல் சொல்லுவார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பு, அது முடிந்ததும் ராணுவத்தின் ரிமவுண்ட் வெட்டர்னரி கோர். 1920 டிசம்பர் 14-இல் உருவான பிரிவு அது. பயிற்சி மையம் மீரட்டில் இருக்கிறது. படையின் குதிரை, கோவேறு கழுதை, நாய் எல்லாவற்றுக்கும் இனப்பெருக்கம், பயிற்சி, வைத்தியம் அவர்கள் பொறுப்பு.

எங்கள் செவலைப் பசு தலைச்சன் கன்று போட முடியாமல் தவித்த இரவை நான் மறக்கமாட்டேன். பனிக்குடம் உடைந்து மூன்று மணி நேரம். முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிகின்றன, தலை வரவில்லை. ஆட்கள் கயிறு கட்டி இழுக்கத் தயாராகிவிட்டார்கள். கர்னல் ஐயா வந்ததும் கயிற்றைக் கீழே போடச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, தோள்வரை சோப்பு தேய்த்து, மண்தரையில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டார். கன்றின் தலை பின்பக்கம் மடங்கியிருந்தது. இழுப்பதற்குப் பதில் கன்றை உள்ளே தள்ளினார்! இடம் கிடைத்த பிறகு தாடையைப் பிடித்துத் தலையைத் திருப்பினார். பசு முக்கும்போதெல்லாம் அவர் கை நசுங்கும். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார், அது ஓய்ந்ததும் மறுபடி ஓர் அங்குலம். நாற்பது நிமிடம் இப்படியே போனது. கன்று விழுந்தது, மூச்சில்லை. ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து மூக்குத் துளைக்குள் விட்டு ஆட்டினார். கன்று தும்மியது.

பணம் கொடுக்கப் போன என் வீட்டுக்காரரிடம், சீம்பால் காய்ச்சினால் ஒரு டம்ளர் அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார். அவருடைய கடிகாரத்தை மறுநாள்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.


கம்மவான்பேட்டை, முன்னாள் ராணுவத்தினர்

நான் ராணுவத்தின் அனிமல் டிரான்ஸ்போர்ட் பிரிவில் கச்சர் பார்த்தவன். கச்சர் என்றால் கோவேறு கழுதை. ஜீப் போகாத காஷ்மீர் மலைக் காவல்நிலைகளுக்கு மண்ணெண்ணெய், அரிசி, குண்டு எல்லாம் அதன் முதுகில்தான் ஏறும். கர்னல் ஐயாவை நாங்கள் சாப் என்றுதான் கூப்பிடுவோம். சாப் அப்போது மேஜர். வாரம் ஒருமுறை வருவார். வந்ததும் எங்கள் சல்யூட்டைக்கூடச் சரியாகக் கவனிக்கமாட்டார், நேராகக் கச்சர் வரிசைக்குப் போய்விடுவார். சேணத்தை இறக்கச் சொல்லி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஓட்டுவார். எங்கே சூடாக இருக்கிறது, எங்கே தொட்டால் தோல் சிலிர்க்கிறது என்று பார்ப்பார். சேணத் துணியில் ஒரு மடிப்பு இருந்தால் போதும், நாலு நாளில் புண், பத்து நாளில் சீழ். ஒரு கச்சர் படுத்தால் அதன் சுமையை மனிதன் தூக்க வேண்டும்.

பட்டாளத்தில் ஒவ்வொரு கச்சருக்கும் குளம்பில் நம்பர் உண்டு. சாப் அந்த நம்பரைச் சொல்லித்தான் நலம் விசாரிப்பார். அதன் பிறகுதான் என் பெயர் வரும். எனக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை.

ஒரு ஜனவரி இரவு என் கச்சருக்குக் குடல் வலி வந்துவிட்டது. தண்ணீர் உறைந்து கிடந்ததால் அது பகலில் சரியாகக் குடிக்கவில்லை, அதை நான் கவனிக்கவும் இல்லை. வலியில் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, தரையில் விழுந்து உருளப் போகிறது. உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். சாப் விலாவில் காதை வைத்துக் கேட்டார். சத்தம் ஒன்றும் இல்லை என்றார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார், ஊசி போட்டார். பிறகு விடியும்வரை நானும் அவருமாக மாறிமாறி அதைப் பிடித்து நடத்தினோம். அரை மணிக்கொரு தரம் விலாவில் காது. நாலரை மணிக்கு என்னைக் கூப்பிட்டுக் காதை வைக்கச் சொன்னார். தூரத்தில் இடி உருளுவதுபோல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சாணம் போட்டது. ஒரு மேஜர் சாணத்தைப் பார்த்துக் கண்கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

1971 போரில் பாகிஸ்தான் படையிடம் சிக்கிய பெடோங்கி என்ற கோவேறு கழுதை, முதுகில் கட்டிய இயந்திரத் துப்பாக்கியோடும் தோட்டாப் பெட்டிகளோடும் தானாகவே நம் பக்கம் திரும்பி வந்த கதையை, ஊரில் பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். 2022 அக்டோபரில் அனந்தநாக் சண்டையில் குண்டடிபட்ட ஜூம் என்ற ராணுவ நாய் ஸ்ரீநகர் கால்நடை மருத்துவமனையில் இறந்த செய்தி வந்த 13-ஆம் தேதி, நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து, தெருநாய்களுக்கு வைக்கும் சோற்றை அன்று அவரே பிசைந்தார்.


வேலூர், இரண்டு குழந்தைகளின் தாய்

என் மகனுக்கு ஏழு வயதில் கெண்டைக்காலில் நாய் கடித்தது. என் மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டிருந்தார். தெருவோடு போன கர்னல் ஐயா சத்தம் கேட்டு உள்ளே வந்து, குழந்தையை அப்படியே தூக்கிக் குழாயடியில் உட்காரவைத்தார். துணி சோப்புதான் கையில் கிடைத்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம், குறையாமல், ஓடும் தண்ணீரில் கழுவினார். பையன் கத்தக் கத்த விடவில்லை. மாமியாரிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "அம்மா, வெறிநோய் வந்த பிறகு மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால்தான் உண்டு" என்றார்.

மருத்துவமனைக்கும் கூடவே வந்தார். காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, பிறகு தடுப்பூசி. அன்றே அவருடைய நீலநிற நோட்டில் பையன் பெயருக்கு நேரே நாலு தேதிகள் எழுதினார்: கடித்த நாள், 3, 7, 28. மூன்று ஊசி போட்டதும் நாங்கள் அசந்துவிட்டோம். புண் ஆறிவிட்டது, பையன் ஓடியாடுகிறான், அண்ணன் வீட்டுக் கல்யாணம் வேறு. 28-ஆம் நாள் காலை ஆறரை மணிக்கு வாசலில் அவர் நிற்கிறார்! மழையில் நனைந்த சைக்கிள், கையில் அந்த நோட்டு. என் அப்பா இருந்தால்கூட அந்தத் தேதியை நினைவு வைத்திருக்கமாட்டார்.


அணைக்கட்டு, விவசாயி

எனக்கு அவரோடு சண்டைதான் முதலில். எருது விடும் விழாவுக்குக் காளையைக் கொண்டுபோயிருந்தேன். வேகம் வரட்டும் என்று யாரோ கொடுத்த சாராயத்தை அதன் வாயில் ஊற்றப் போனேன். அவர் பாட்டிலைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் என்னைத் திட்டியதில் எனக்கு ஆறாத கோபம். இரண்டு வருடம் பேசவில்லை. ஊரில் கோமாரி வந்தபோது என் காளை வாயெல்லாம் கொப்புளமாகி எச்சில் ஒழுக நின்றது. நான் கூப்பிடாமலே வந்தார். வாயைக் கழுவிவிட்டு, குளம்பு இடுக்கில் மருந்து வைத்து, கஞ்சி கரைத்துப் புகட்டச் சொல்லிக்கொடுத்தார். ஒன்பது நாள் வந்தார். பழைய விஷயத்தை நான்தான் எடுத்தேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை, காளையின் வயது மட்டும் நினைவிருந்தது.


சென்னை, கால்நடை மருத்துவ மாணவி

நான் வேப்பேரியில் படிப்பதற்கு அவர்தான் காரணம். பத்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு பசு இரவில் நன்றாக இருந்து காலையில் செத்துக் கிடந்தது. வயிறு உப்பி, மூக்கிலிருந்து கறுத்த ரத்தம், உறையவே இல்லை. தோலை உரிக்க ஆள் வந்தாகிவிட்டது. கர்னல் ஐயா பசுவுக்கும் கத்திக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். அது அடைப்பான் நோயாக இருக்கலாம் என்றார். காது நுனியில் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துவைத்து, அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினார். உடலைத் திறந்தால் கிருமி காற்றுபட்டு விதைபோல் கெட்டியாகி மண்ணிலே பல ஆண்டுகள் கிடக்கும், அதே இடத்தில் மேயும் மாட்டுக்கும் வரும், அறுக்கும் மனிதனுக்கும் வரும் என்று, கோபமாக நின்ற அந்தக் குடும்பத்துக்கு அரை மணி நேரம் விளக்கினார். அவர்களுக்குத் தோல் பணமும் போகிறதே! ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். சோதனையில் அடைப்பான்தான் என்று உறுதியானது. மாட்டுக்காரர் நஷ்டத்துக்கு அவர் தம் ஓய்வூதியத்தில் எவ்வளவு கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இப்போது நுண்ணுயிரியல் வகுப்பில் அந்தக் கிருமியைப் படிக்கும்போதெல்லாம், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்திக்கு எதிரே நின்ற அந்த உருவம்தான் எனக்கு வருகிறது.


கணியம்பாடி, ஓய்வுபெற்ற ஆசிரியை

எல்லாவற்றையும் படித்துவிட்டேன். கச்சரின் குளம்பு நம்பர் பற்றிப் படித்தபோதுதான் அந்த நீல நோட்டுகளின் அர்த்தம் எனக்குப் பிடிபட்டது. மொத்தம் பதினான்கு நோட்டுகள். அவர் மனைவி நேற்று என்னிடம் கொடுத்தார். தெருவாரியாக ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வரி: "பால் டிப்போ வாசல், கறுப்பு, இடது காது மடிந்தது, பெண்", பக்கத்தில் தடுப்பூசி போட்ட தேதி. ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது ஊசி போட்டிருந்தால்தான் வெறிநோய் பரவுவது நிற்கும் என்று அவர் விடாமல் கணக்குப் பார்ப்பார். கடைசி நோட்டில் எங்கள் ஊருக்கு நூற்றுக்கு 64 வரை வந்திருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் மேட்டுத்தெருப் பையன் ஒருவனுடைய நாலு தேதிகள் இருக்கின்றன. மூன்றுக்கு டிக் போட்டிருக்கிறார். நாலாவது வருகிற செவ்வாய்க்கிழமை. நான் போகிறேன். ஞாயிறு காலை நாய்த் தடுப்பூசிக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர இரண்டு பேர் வேண்டும். வருகிறவர்கள் கீழே எழுதுங்கள்.


கம்மவான்பேட்டை, முன்னாள் ராணுவத்தினர்

வருகிறேன், டீச்சர். பெட்டி என் வண்டியிலேயே இருக்கட்டும்.