2014 முதல் ஓடாமல் நிற்கும் மொறிஸ் மைனர், சொந்தக்காரர் காலமாகிவிட்டார்: விற்பது எப்படி?

கனகராயன்:

வணக்கம் அண்ணைமார். கார் மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு. பெரியப்பாவுடையது. 2014 தொடக்கம் வவுனியாவில் ஒரு கொட்டிலுக்குள் நிற்கிறது. கூரை பாதி தகரம், பாதி கிடுகு. அவர் காலமாகிவிட்டார். வாரிசு மூன்று பேர், அதில் ஒருவர் கனடாவில்.

திறப்பு இருக்கிறது. பதிவுப் புத்தகம் கிளிநொச்சி வீட்டில் இருந்தது, 2009 இடப்பெயர்வோடு போய்விட்டது. முன் கண்ணாடியில் 2014 வரி அனுமதிப்பத்திரம் இன்னும் ஒட்டினபடி. நாலு ரயரும் காற்றில்லாமல் தரையோடு. எஞ்சினின் நாலு ஸ்பார்க் பிளக்கில் ஒன்றைக் காணவில்லை, அந்தத் துளை திறந்தே கிடந்திருக்கிறது.

ஓடவைத்து விற்பதா, நிற்கிற நிலையிலேயே கொடுப்பதா? பெயின்ற் அடித்தால் விலை கூடுமா? ஒருவர் வந்து, "ஓப்பின் பேப்பரில் கையெழுத்து வைச்சுத் தாங்கோ, நாளைக்கே இழுத்துக்கொண்டு போறன்" என்கிறார், அதாவது வாங்குபவரின் பெயர் எழுதாத மாற்றப் படிவத்தில். கொடுக்கலாமா?

---

படிவக்கட்டு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்க வேண்டாம். முதல் காரணம், கையெழுத்து வைக்க உங்களுக்கு இன்னும் உரிமையே இல்லை. பதிவுச் சொந்தக்காரர் இறந்தவர். அவர் கையெழுத்தைப் போல இன்னொருவர் போட்டால் அது கள்ளக் கையெழுத்துத்தான், குடும்பத்துக்குள் எல்லாரும் சம்மதித்தாலும். இரண்டாவது, ஓப்பின் பேப்பரில் போன கார் நாலு கை மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் பழைய பெயரே இருக்கும். விபத்தோ மரக்கடத்தலோ நடந்தால் பொலிஸ் தேடி வருவது அந்தப் பெயர் இருக்கிற வீட்டுக்கு.

எதற்கும் முன்னம் ஒன்றை உறுதிப்படுத்துங்கள். கார் உண்மையில் பெரியப்பாவின் பெயரில்தானா? வன்னியில் பழைய கார்கள் பல, வாங்கினவர் பெயருக்கு மாற்றப்படாமலே ஓடினவை. போர்க் காலத்தில் கொழும்புக்குப் போய்ப் பெயர் மாற்ற யாரால் முடிந்தது? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரச் சாற்றை (பதிவேட்டு விபரத்தின் பிரதி) எடுங்கள். அதில் பெயர், சசி நம்பர், எஞ்சின் நம்பர் மூன்றும் தெரிந்துவிடும். பெரியப்பாவுக்கு முந்தின ஆளின் பெயர் வந்தால் அவரையோ அவர் வாரிசையோ தேட வேண்டும், வேறு வழியில்லை. கண்ணாடியில் இருக்கும் 2014 பத்திரத்தை உரிக்க வேண்டாம். ஒட்டினபடியே தெளிவாகப் படம் எடுங்கள். பத்து வருட வெயில் பட்ட கடதாசி உரிக்கும்போது தூளாகிவிடும்.

பிறகு நம்பர்களைக் காரில் பாருங்கள். சசி நம்பர், பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரில் சிறிய தகட்டில் இருக்கும். எஞ்சின் நம்பர் புளொக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு (மின் பிறப்பாக்கிக்கு) மேலே, ஒரு தகட்டில். கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம், எழுத்து அழிந்துபோகும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும். நம்பர் 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்றால் 1098. சாற்றில் ஒன்றும் காரில் இன்னொன்றுமாக இருந்தால் இடையில் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். அதைத் திணைக்களத்தில் பதியாமல் பெயர் மாறாது.

புத்தகம் தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடு போட்டு அதன் பிரதியோடு இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வாரிசுப் பக்கம்: மரணச் சான்றிதழ், வாரிசுகளின் பிறப்புச் சான்றிதழ், பங்கு விட்டுக்கொடுப்பவர்களின் சத்தியக் கடதாசி. கனடாக்காரர் அங்கேயே அற்றோணித் தத்துவம் (தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்திடும் அதிகாரம்) எழுதி, தூதரகத்திலோ நொத்தாரிசு முன்னிலையிலோ உறுதிப்படுத்தி அனுப்ப, இங்கே பதிய வேண்டும். வட்சப்பில் "எனக்குச் சம்மதம்" என்று குரல் பதிவு அனுப்பினால் காணாது. ஆதனம் முழுவதின் பெறுமதி சட்டம் குறிக்கும் எல்லையைத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு (இறந்தவரின் ஆதனத்தை வாரிசுகளிடம் சேர்க்கும் வழக்கு) வேண்டும். கவனியுங்கள், அந்தக் கணக்கு காருக்கு மட்டுமல்ல, காணி, வீடு, வங்கிக் காசு எல்லாம் சேர்த்து. காணிக்கு ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் காரையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

வாரிசு ஒருவரின் பெயருக்கு வந்த பிறகே விற்பனை. பெயர் மாற்றத்துக்கான எம்ரிஏ 6, எம்ரிஏ 8 படிவங்களை வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதின பிறகு கையெழுத்திட்டு, அடையாள அட்டைப் பிரதியும் வாங்கி, எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். வாங்குபவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றுவார் என்று நம்பி இருக்காமல், கைமாறியதை நீங்களும் திணைக்களத்துக்கு அறிவித்துவிடுங்கள்.

வரி: கார் பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்தில் பெரியப்பா எழுதிக் கொடுத்திருந்தாரா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் விட்டுப்போன வருடங்களின் நிலுவையும் தண்டமும் கேட்பார்கள். அதை அறிந்துகொண்டு விலை பேசுங்கள்.

---

கராச்சுக்காரன்:

கடதாசி அலுவல் மாதக்கணக்கில் இழுபடும். அதுக்குள்ளை காரைப் பாப்பம். "சும்மா ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாப்பம்" எண்டு பற்றரியோடை ஆரும் வந்தால் கிட்ட விடாதேங்கோ. கயிறு கட்டி இழுத்து எழுப்பவும் வேண்டாம். பத்து வருசம் நிண்ட காரை உந்த ரெண்டும்தான் கொல்லும்.

பொனற் திறக்கேக்கை தடி ஒண்டாலை திறவுங்கோ. சீற்றுக்குக் கீழையும் பாருங்கோ. எலி இருந்த இடத்துக்குப் பாம்பு வரும்.

மற்ற மூண்டு பிளக்கையும் கழட்டுங்கோ. ஒவ்வொரு துளைக்கும் டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிப் பாதி கலந்து ஒரு மேசைக்கரண்டி விட்டு மூண்டு நாள் விடுங்கோ. பிறகு நியூற்றலிலை, முன் பம்பர் ஓட்டையாலை ஹாண்டிலைப் போட்டுக் கையாலை சுத்துங்கோ. ஒரு ஆளின்ரை பலத்துக்கு மேலை வேண்டாம், பைப்பு மாட்டி நெம்ப வேண்டாம். அதுக்கு முன்னம் ரெண்டு நட்டைக் கழட்டி வால்வுக்கு மேலை இருக்கிற ரொக்கர் கவரை எடுங்கோ. சுத்தேக்கை எட்டு வால்வும் இறங்கி ஏறுதோ எண்டு இன்னொராள் பாக்க வேணும். ஒண்டு இறங்கினபடி நிண்டால் அது ஓடுற குழலுக்குள்ளை (கைட்) பிடிச்சிட்டுது. அப்பிடியே ஸ்ராட் பண்ணினால் வால்வைத் தள்ளுற புஷ்ரொட் கம்பி வளையும். துரு இளக்கி விட்டு மரப்பிடியாலை மெல்லத் தட்டினால் அனேகமா வரும்.

ஒயில்: டிப்ஸ்ரிக்கிலை மட்டம் கூட நிண்டால் சந்தோசப்படாதேங்கோ. மண்ணெண்ணெயிலை ஓடின எஞ்சின் எண்டால் எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழை இறங்கி ஒயிலோடை சேர்ந்திருக்கும். விரலிலை தொட்டு மணந்தால் தெரியும். முழுக்க வடிச்சு, பில்ற்றர் மாத்தி, 20டபிள்யூ50 ஒயில் 3.7 லீற்றர்.

பெற்றோல் தாங்கிக்குக் கீழை வடிக்கிற ஆணி இருக்கு. பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணக்கும், அதை வேறை எதுக்கும் பாவிக்காதேங்கோ. முதல் தரம் எழுப்பத் தாங்கி வேண்டாம், அரை லீற்றர் போத்தலிலை புதுப் பெற்றோல் எடுத்துக் குழாய் போடுங்கோ. திறப்பைத் திருப்ப எஸ்யூ மின் பெற்றோல் பம்ப் "டிக் டிக்" எண்டு அடிக்க வேணும். அடிக்காட்டி அனேகமா அதுக்குள்ளை மின் தொடுகிற பொயின்ற் கறள். ஒரு தட்டுத் தட்டினால் எழும்பும், ஆனால் திரும்பவும் நிக்கும். மூடியைக் கழட்டி மெல்லிய அரத்தாளாலை சுத்தம் செய்தால்தான் சரி. டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025.

இனிப் பற்றரி. இஞ்சைதான் வயரிங்கை எரிக்கிறவை. மைனர் கொம்பனியாலை வரேக்கை பொசிற்றிவ் எர்த். பொசிற்றிவ் கேபிள்தான் பொடியிலை பூட்டியிருக்கும். பற்றரிக் கடைப் பெடியள் பழக்கத்திலை மாத்திப் பூட்டுவினம். டைனமோவுக்குப் பதிலா ஓல்ற்றனேற்றர் போட்டிருந்தால் ஆரோ நெகற்றிவுக்கு மாத்தியிருப்பினம், அதையும் பாருங்கோ. அந்தக் காரிலை மொத்தமே ரெண்டு பியூஸ், எலி கடிச்ச வயரை அது காப்பாத்தாது. அதாலை பற்றரிக்கும் கேபிளுக்கும் இடையிலை 12 வோல்ற் 21 வற் பல்ப் ஒண்டைத் தொடுங்கோ. எல்லா சுவிச்சும் நிப்பாட்டியிருக்கப் பல்ப் எரிஞ்சால் எங்கையோ சோட். எரியாட்டி மட்டும் நேரடியாப் பூட்டலாம்.

பிரேக்கின்ரை மாஸ்டர் சிலிண்டர் பொனற்றுக்குள்ளை இல்லை. சாரதியின்ரை காலடியிலை, கம்பளத்தை உரிச்சால் தகரத்திலை ஒரு மூடி, அதுக்குக் கீழை. கனபேருக்கு அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது, அதாலை வருசக்கணக்கா எண்ணெய் விடாமலே ஓடியிருப்பினம். முன் சில்லு ஒவ்வொண்டுக்கும் ரெண்டு சிலிண்டர், பின்னுக்கு ஒவ்வொண்டு. ஆறும் இறுகியிருக்கும் எண்டே கணக்குப் போடுங்கோ. றப்பர் எல்லாம் மாத்த வேணும். எஞ்சின் ஒயிலை பிரேக்குக்கு விட்டிருந்தால் றப்பர் வீங்கி ஊதியிருக்கும்.

---

கனகராயன்:

நன்றி அண்ணை. சொன்னபடி ஊறவைத்துச் சுற்றினோம். அரைச் சுற்று லேசாகப் போகிறது, பிறகு இறுகி நிற்கிறது. டொப் கியரில் போட்டுப் பின்னால் தள்ளினால் திரும்பி வருகிறது. முன்னுக்குப் போனால் திரும்பவும் அதே இடம். வால்வு எட்டும் அசைகின்றன. எஞ்சின் பிடித்துவிட்டதா?

---

கராச்சுக்காரன்:

பிடிச்ச எஞ்சின் அரைச் சுத்துப் போகாது. நிக்கிற இடத்திலை எப்பிடி நிக்குது? றப்பரை அமத்தினது போலை எண்டால் சிலிண்டருக்குள்ளை கறள் வளையம், இன்னும் ஊற விடுங்கோ. கல்லிலை முட்டினது போலை "டக்" எண்டு நிண்டால் பிஸ்டனுக்கு மேலை ஏதோ கிடக்கு.

ஒரு ஈர்க்கை ஒவ்வொரு பிளக் துளைக்குள்ளையும் விட்டுப் பாருங்கோ. 1ம் 4ம் ஒண்டா ஏறும், 2ம் 3ம் ஒண்டா ஏறும். நிக்கிற நேரம் எந்தச் சோடி மேலை வருதோ அதிலைதான் பிரச்சினை. பிளக் காணாமல் போன துளை அந்தச் சோடியிலை எண்டால் நான் குளவியைத்தான் சந்தேகப்படுவன். வேட்டுவாளிக்கு இந்தத் துளை அளவெடுத்துச் செய்த வீடு. காய்ஞ்ச மண் ஒரு விரற்கடை அளவு கிடந்தாலே பிஸ்டன் மேலை வராது. டோர்ச் அடிச்சால் செம்மண் தெரியும்.

உள்ளை தண்ணி விடாதேங்கோ, களியாப் போய் றிங்குக்குள்ளை இறங்கும். பிஸ்டனைக் கீழை இறக்கி, மெல்லிய குழாயாலை உறிஞ்சி எடுங்கோ. ஒரு மண் மிச்சம் இருந்தாலும் சுவரைக் கீறும், அதாலை சந்தேகம் எண்டால் எஞ்சின் தலையை (சிலிண்டரை மேலை மூடுற பாகம்) கழட்டிறதுதான் புத்தி. ஒம்பது நட்டு. முதலிலை றேடியேற்றரை வடிச்சுப்போட்டு, ஒவ்வொண்டையும் கொஞ்சம் கொஞ்சமாச் சுத்திவர இளக்குங்கோ. ரொக்கரை மட்டும் கழட்டுவம் எண்டு நினைக்காதேங்கோ. ரொக்கரைப் பிடிக்கிற நட்டிலை நாலு தலையின்ரை நட்டுத்தான், அதை மட்டும் இளக்கினால் தலைக்குக் கீழை இருக்கிற கஸ்கற் போயிடும். திரும்பப் பூட்டேக்கை புதுக் கஸ்கற், 40 இறாத்தல்-அடி இறுக்கம், வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினிலை 0.012 அங்குலம்.

சைலன்சர் வாயையும் பாருங்கோ, அங்கையும் கூடு கட்டியிருக்கும்.

---

பழசுப்பிரியன்:

பெயின்ற் பற்றி யாரும் சொல்லவில்லை. அடிக்காதீர்கள். புதிதாகப் பெயின்ற் அடித்த பழைய காரைக் கண்டால் வாங்க வருபவரின் முதல் எண்ணம், "கீழே எவ்வளவு பூச்சு அப்பியிருக்கு?" பூச்சு அப்பின இடத்தில் ஒட்டாத காந்தத்தை எடுத்துக்கொண்டு சுற்றுவார். மங்கின பழைய நிறம் இருந்தால் தகரத்தை அவர் கண்ணாலேயே படித்துவிடுவார், பயமில்லாமல் விலை சொல்லுவார்.

மைனரில் விலையைத் தீர்மானிப்பது கீழ்ப்பாகம். கதவுக்குக் கீழான சில் எனும் நீளச் சட்டம் இரண்டு பக்கமும், ஜக் வைக்கும் இடத்தைச் சுற்றிய தளம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன்பக்கச் சசிக் கால்கள், குறுக்குச் சட்டம். கிடுகு ஒழுகின பக்கத்தில் கம்பளத்தைத் தூக்கி, திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். "ணங்" என்றால் நல்லது, "சொத்" என்றால் ஓட்டை. அந்த ஓட்டைகளை நீங்களே படம் எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். கொழும்பில் இருந்து வவுனியா வரை வந்து ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் அந்த ஓட்டைக்கு மட்டும் விலை குறைக்கமாட்டார், வந்த பயணத்துக்கும் சேர்த்துக் குறைப்பார்.

மண்ணெண்ணெய்த் தடயம் இருக்கிறதா? பொனற்றுக்குள் சிறிய இரண்டாவது தாங்கி, இருவழித் திறப்பு, சுவரில் பிறகு துளைத்த ஓட்டைகள். 1990களில் பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டின வேலைப்பாடு. கழற்றி எறிய வேண்டாம். ஒரிஜினல் தேடுபவருக்கு அது குறை, ஆனால் அதையே விரும்பிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெட்டியில் போட்டுக் காரோடு கொடுங்கள். தீர்மானிப்பது அவர் பாடு.

விலை: இணையத்தில் போட்டிருக்கும் விலை கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. ஒரு மாதம் குறித்துக்கொண்டு வாருங்கள். எது சட்டென்று மறைகிறது, எது மாதக்கணக்கில் கிடக்கிறது என்று பார்த்தால் சந்தை பிடிபடும். 2020 இறக்குமதித் தடைக்குப் பிறகு ஏறின விலையை மனதில் வைத்துத் தரகர்மார் கதை விடுவார்கள். அது சாதாரண ஓட்டத்துக்கு வாங்கும் கார்களின் கணக்கு, மைனருக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் கல்யாண ஓட்டத்துக்கு வாங்குபவர் ஓடும் நிலையைப் பார்ப்பார். சேகரிப்பவர் நம்பரையும் கடதாசியையும் பார்ப்பார். கடதாசி சரியென்றால் ஓடாத காரையும் அவர் எடுப்பார். ஆகவே என் கணக்கில் எஞ்சின் கையால் சுற்ற வேண்டும், சில்லு உருள வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

---

கராச்சுக்காரன்:

அதிலை ஒண்டு மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டன். எஞ்சின் எழும்பினால் வித்தியாசம் பெரிசு. குளிர்ந்த எஞ்சின் எழும்பிறதை வெட்டாமல் ஒரே வீடியோவா எடுத்துப் போடுங்கோ, சைலன்சர்ப் புகையும் தெரியத்தக்கதா. ஆனால் பிரேக் செய்யாமல் வளவுக்குள்ளை கூட ஓடவேண்டாம்.

ஏத்தி அனுப்பேக்கை: 14 அங்குலச் சில்லு, பழைய ரயரிலை வெடிப்பு இருந்தாலும் காத்துப் பிடிச்சால் லொறியிலை ஏத்தக் காணும். அதுக்கு முன்னம் முன் சில்லை ஜக்கிலை தூக்கி, மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. கீழ் ற்றனியன், அதாவது சில்லு திரும்புற மூட்டின்ரை புரியிலைதான் அந்தச் சில்லே நிக்குது. 1,600 கிலோமீற்றருக்கு ஒருக்கா கிறீஸ் கேக்கிற இடம், பத்து வருசம் காய்ஞ்சு கிடந்திருக்கு. புரி தேஞ்சிருந்தால் ஸ்ரியரிங்கை முழுக்க வெட்டித் தள்ளேக்கையே சில்லு உள்ளுக்கு மடிஞ்சு விழும். ஆட்டம் இருந்தால் நேராத் தள்ளி மட்டும் ஏத்துங்கோ. கயிறைப் பம்பரிலை கட்ட வேண்டாம், பின்னுக்கு அச்சிலை, முன்னுக்குக் குறுக்குச் சட்டத்திலை கட்டுங்கோ.

அந்த ஈர்க்கு எந்தச் சோடியைக் காட்டினது எண்டு எழுதுங்கோ தம்பி.

---

கனகராயன்:

2ம் 3ம். பிளக் இல்லாதது 3. டோர்ச் அடிக்கச் செம்மண்தான் தெரிகிறது அண்ணை. கஸ்கற் வாங்க வவுனியா நகருக்குப் போகிறேன்.