மறு: மேட்ரிக்ஸ் எஃபெக்ட் – சூழ்பொருளா, உடன்பொருளா?

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் வேதியியல் 'மேட்ரிக்ஸ்' என்பதற்குச் 'சூழ்பொருள்' என்று வைப்பதா, 'உடன்பொருள்' என்று வைப்பதா என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> மேட்ரிக்ஸுக்கு 'அணி' இருக்கிறதே, 'அணி விளைவு' என்று முடித்துவிடலாமே.

வேண்டாம். அணி கணக்கிலேயே இருக்கட்டும். நிரை, நிரல் என்று எண்களை அடுக்குவதற்கும் ஆய்வகக் குடுவைக்கும் தொடர்பில்லை. பகுப்பாய்வு வேதியியலில், அளக்க வந்த பகுபொருளைத் தவிர மாதிரியில் இருக்கும் மற்றதெல்லாம் மேட்ரிக்ஸ். அது சும்மா கிடந்தால் பெயரே தேவைப்பட்டிருக்காது. கூட இருந்தே குழி பறிப்பதுதான் சிக்கல்.

அணு உட்கவர் நிறமாலையியலில் கால்சியத்தை 422.7 நானோமீட்டரில் அளக்கிறோம். தனி அணுக்களாகப் பிரிந்தால்தான் அது அந்த ஒளியைக் கவரும். கரைசலில் பாஸ்பேட் இருந்தாலோ, காற்று–அசிட்டிலீன் சுடரில் எளிதில் சிதையாத சேர்மமாகக் கால்சியம் மாட்டிக்கொள்கிறது. கருவி குறைத்துக் காட்டும். லாந்தனம் குளோரைடு சேர்த்தால், லாந்தனம் பாஸ்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, கால்சியம் தப்பிக்கும். (லாந்தனத்துக்கு 'விடுவிப்பான்' என்று போன வாரமே சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.)

இங்கே பாஸ்பேட் எதையும் சூழ்ந்து நிற்கவில்லை. ஒரே கரைசலில் கூட இருக்கிறது, அவ்வளவுதான். 'சூழ்பொருள்' என்றதும் பாறைக்குள் பதிந்த படிகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆகவே என் பரிந்துரை 'உடன்பொருள்'. பகுபொருள், உடன்பொருள் என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஓசையும் இணைகிறது. 'உடன்பொருள் ஒத்த திட்டக் கரைசல்' (மாதிரியில் உள்ளது போன்ற உடன்பொருளோடு, பகுபொருளின் அளவு தெரிந்து தயாரிக்கும் ஒப்பீட்டுக் கரைசல்) கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் விளங்குகிறது.

– – –

> ஆகவே என் பரிந்துரை 'உடன்பொருள்'.

நல்ல சொல்தான் ஐயா, ஆனால் மால்டியை (MALDI, லேசரால் அயனியாக்கி மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறை நிறமாலை முறை) மறந்துவிட்டீர்கள். அங்கே மேட்ரிக்ஸ் மாதிரியோடு வந்ததல்ல, நாமே வேண்டிச் சேர்ப்பது. சினாப்பினிக் அமிலம் போன்ற ஒன்றைப் புரதக் கரைசலோடு கலந்து உலரவிட்டு லேசரைப் பாய்ச்சினால், அந்த அமிலம் ஒளியை வாங்கிக்கொண்டு, புரதம் சிதையாமல் ஆவி நிலைக்குப் போய் அயனியாக உதவுகிறது. குழி பறிக்கவில்லை, தோள் கொடுக்கிறது. அதையும் உடன்பொருள் என்பீர்களா?

அப்புறம், நிறமே இல்லாத இடத்தில் 'நிறை நிறமாலை' என்று எழுதுவது இன்னும் உறுத்துகிறது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

– – –

> அதையும் உடன்பொருள் என்பீர்களா?

மாட்டேன். ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டையும் ஒப்பேற்றுகிறது என்பதற்காக நாமும் அப்படியே செய்ய வேண்டுமா என்ன? மால்டியில் இருப்பது 'ஏந்துபொருள்', பகுபொருளைத் தாங்கி மேலே கொண்டுபோவதால். மின்தெளிப்பு முறையில் (கரைசலை மின்னழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்குவது) இரத்த மாதிரியின் பாஸ்போலிப்பிடுகள் மருந்தின் அயனியாக்கத்தை அமுக்குகின்றன அல்லவா, அது உடன்பொருள் விளைவு. நிறை நிறமாலையியலுக்கே இரண்டு சொல்லும் வேண்டியிருக்கிறது.

சரி, வரைவில் மேட்ரிக்ஸ் பதிவை இரண்டாகப் பிரித்து இன்றிரவு அனுப்புகிறேன். 'அணி'யைக் கணிதப் பிரிவுக்குத் தள்ளிவிட்டேன்.