போதிகை அச்சில் புட்டி ஒட்டிக்கொள்கிறது

கேள்வி: காரைக்குடி வீட்டு முகப்பைச் சின்ன உருவமா செய்யுறேன், அளவு 1:24 (நிஜத்துல 24 செ.மீ., இங்க 1 செ.மீ.). 2 செ.மீ. உயரத்துல ஒரே மாதிரி 16 போதிகை (தூண் தலையில உத்திரத்தைத் தாங்குற, இலை செதுக்கின கட்டை) வேணும். வெந்நீர்ல இளகுற அச்சுக்கட்டியில அச்சு எடுத்தாச்சு. எப்பாக்சி புட்டி (ரெண்டு பகுதியைக் கலந்து பிசைஞ்சா இறுகுறது) அச்சுல ஒட்டிக்கிட்டு, இலை நுனி உடையுது. என்ன தப்பு?

பதில் 1: எண்ணெய் தடவலையாண்ணே? தேங்காயெண்ணெயை மெலிசா தடவி, துணியால ஒத்தி எடுங்க. தேங்கி நின்னா இலை நரம்பு மழுங்கிரும். ரெண்டு புட்டியும் சம அளவு. ஒரே நிறமாகுற வரை பிசைங்க, கீத்து தெரிஞ்சா அந்த இடம் இறுகாது. கையுறை போட்டுக்கங்க. மிளகளவு உருண்டையை முதல்ல நுனிக்குள்ள பல்குச்சியால அழுத்தணும், அப்புறம்தான் மீதி. மொத்தமா திணிச்சா காத்து அடைபட்டு நுனி மொட்டையாயிரும்.

பதில் 2: எண்ணெய் மட்டும் காரணமில்ல, அவசரமும்தான். தொட்டா கெட்டியா இருக்கேன்னு எடுக்காதீங்க, ராத்திரி முழுக்க விடுங்க. பொருளை இழுக்காம அச்சை வளைச்சு உரிங்க. சித்திரை வெயில்ல புட்டி சீக்கிரம் இறுகும், ஒரு தடவைக்கு ரெண்டு போதிகைக்கு மேல பிசையாதீங்க.

கேள்வி: இலைக்கு அடியில உள்மடிப்பு இருக்கு, அச்சு அதுல மாட்டிக்குது.

பதில் 1: அப்ப ரெண்டு பாதி அச்சுதான். முதல் பாதி ஆறினதும் எண்ணெய் பூசிட்டு மறுபாதியை அழுத்துங்க; இல்லன்னா ரெண்டும் ஒண்ணாயிரும்.