'பிஞ்சுப்பழுப்பு' வேண்டாமே: பிரிகோஷியஸுக்கு ஒரு சொல்

வணக்கம்.

வயதுக்கு முன்பே அறிவோ திறமையோ முதிர்ந்த பிள்ளையை ஆங்கிலத்தில் பிரிகோஷியஸ் (precocious) என்பார்கள். அதற்குத் தமிழில் 'பிஞ்சுப்பழுப்பு' என்று நண்பர் முன்வைத்திருக்கிறார். வேர்ப்பொருள்படி சரிதான். லத்தீனில் பிரே என்றால் முன். கோக்குவெரே என்றால் சமைப்பது, பழுக்க வைப்பது. இரண்டும் சேர்ந்த பிரேகாக்ஸ், காலத்துக்கு முன்னே பழுத்தது. ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் சீக்கிரம் பூத்துக் காய்க்கும் செடிகொடிகளுக்குத்தான் முதலில் வழங்கினார்கள். பிள்ளைகளுக்கு அப்புறம் வந்தது. ஆப்ரிகாட் பழத்தின் பெயரும் இதே வேர்தான். கிரேக்கம், அரபி என்று சுற்றி வந்ததில் ஆள் அடையாளம் தெரியவில்லை.

ஆனால் நம்மிடம் 'பிஞ்சிலே பழுத்தது' வசவாயிற்றே! 12 வயதில், 2019இல் கிராண்ட்மாஸ்டர் ஆன குகேஷைப் பற்றி அப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள். 'வெம்பல்' இன்னும் மோசம்.

எனக்கு ஆசை 'முன்சமைவு' மேல். சமைத்தல் அடுப்படி வேலை, சமைதல் பக்குவமடைதல். கோக்குவெரேயின் இரண்டு பொருளும் தமிழில் ஒரே அடியில் கிடைக்கின்றன. ஆனால் "பொண்ணு சமைஞ்சிட்டா" என்ற வழக்கு குறுக்கே நிற்கிறது. கணக்கில் சூட்டிகையான ஏழு வயதுச் சிறுமியை முன்சமைந்தவள் என்று எந்த ஆசிரியர் எழுதுவார்?

விளை என்ற அடி நல்ல அடி. அறுபதாம் குறுவை நெல் சீக்கிரம் விளைகிறது என்று எந்த விவசாயியும் குறை சொல்வதில்லை. ஆனால் 'முந்துவிளைவு' என்றால் பின்விளைவுக்கு எதிர்ச்சொல் என்று படிப்பார்கள். போதாக்குறைக்கு, 'விளைஞ்ச கட்டை' வேறு இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை முந்துமுதிர்வு, பெயரடையாக முந்துமுதிர். இந்தக் கட்டமைப்பு புதிதில்லை, தொல்காப்பியப் பாயிரத்திலேயே 'முந்துநூல்' உண்டு. முதிர் என்றதும் முதுமை நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டும், முந்து என்ற அடை அதைச் சமாளித்துவிடும்.

அபாரத் திறமையுள்ள பிள்ளையைக் குறிக்கும் பிராடிஜியை (prodigy) இதில் கலக்க வேண்டாம். அதன் லத்தீன் மூலத்துக்கு நிமித்தம், உற்பாதம் என்று பொருள், பழுப்பதோடு சம்பந்தமில்லை. அதற்கு 'இளமேதை' போதும். முந்துமுதிர்ந்த பிள்ளைகள் எல்லோரும் இளமேதைகள் இல்லையே.

விலங்கியலிலும் இதே வேரில் பிரிகோஷியல் உண்டு. பொரிந்து சில மணி நேரத்தில் எழுந்து ஓடித் தானே கொத்தித் தின்னும் கோழிக்குஞ்சு முந்துமுதிர் குஞ்சு. கண் திறக்காமல் கூட்டிலேயே கிடந்து, தாய் தகப்பன் ஊட்டுவதை நம்பியிருக்கும் புறாக்குஞ்சை என்ன சொல்வது? 'பின்முதிர்' என்றால் மந்தம் என்று பட்டுவிடும். 'ஊட்டுக்குஞ்சு' சரிவருமா? பறவை நோக்குபவர்கள் யாராவது சொல்லுங்கள்.