கிராம சபைக்கு முன் ஊராட்சிக் கணக்கைப் பார்த்துவிடுவோம்

சரவணன்: அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் 2 கிராம சபை நெருங்குகிறது. ஊராட்சியின் வரவு செலவை அறிய யார் தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்பது வவுச்சர் (பணம் கொடுத்ததற்கான சீட்டு) வாரியாகத் தெரிகிறது.

மீனாட்சி அக்கா: செலவு செய்கிறவர்களே கணக்கையும் பதிவேற்றினால், அது சரிதானா என்று யார் பார்ப்பது, தம்பி?

சரவணன்: அதற்கு ஆடிட் ஆன்லைன் என்ற தனித் தளம் இருக்கிறது, அக்கா. தணிக்கையாளர் எழுப்பும் தடைகளும் (ஆட்சேபங்களும்) அவற்றுக்கு ஊராட்சி தரும் பதில்களும் அதிலேயே பதிவாகின்றன. தணிக்கைத் தடை எழுதிய தாள் அலுவலக பீரோவுக்குள் போய் அப்படியே முடங்கிவிடும் நிலை இதனால் மாறும். 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கான மத்திய அரசு மானியத்தைப் பெற, தணிக்கை முடிந்த கணக்கு இணையத்தில் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்று மத்திய நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு நிபந்தனையே விதித்தது.

ராமலிங்கம் ஐயா: நல்ல ஏற்பாடுதான். ஆனால் தணிக்கையாளரிடம் பெரும்பாலும் வருவது காகிதம். வவுச்சரும், முடிந்த வேலையின் அளவைக் குறிக்கும் அளவுப் புத்தகமும் ஒத்துப்போய்விட்டால், கால்வாயில் மண் மேவிக் கிடப்பதை அவரிடம் யார் சொல்வார்கள்? பிலிப்பைன்ஸின் தணிக்கை ஆணையம் 2012-இல் தொடங்கி, தன் தணிக்கைக் குழுக்களில் குடிமக்களையே சேர்த்துக்கொள்கிறது; முதலில் எடுத்துக்கொண்டது மணிலா பகுதியின் வெள்ளத் தடுப்புத் திட்டம். ஆண்டுதோறும் வெள்ளத்தில் நின்றவர்கள் கேட்கும் கேள்வி, கணக்கை மட்டும் பார்ப்பவருக்குத் தோன்றாது. நம் நாட்டில் அந்த இடம் கிராம சபைதான். அதை நாம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையும் கூட்டமாக விட்டுவிட்டோம் என்பது என் வருத்தம்.

மீனாட்சி அக்கா: அந்த நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் என்று படித்திருக்கிறேன், ஐயா. அப்படியானால் மேலத்தெருக் குழாய்க்கும் கால்வாய்க்கும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையே முதலில் பார்க்கலாம்.

பர்வீன்: ஸ்மார்ட்போன் இல்லாதவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பணிகளின் பக்கங்களையும் அச்செடுத்து ரேஷன் கடை வாசலில் ஒட்ட வேண்டும். அச்சுக்கூலியை நான் தருகிறேன்.

ராமலிங்கம் ஐயா: அப்படியே செய்வோம், அம்மா. சரவணா, கால்வாயின் நீளத்தை நாம் டேப் வைத்து அளந்து, வவுச்சரில் உள்ளதோடு ஒப்பிட்டு, கேள்விகளை எழுத்திலேயே கொடுப்போம். அவை தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே நாம் கையெழுத்திட வேண்டும்.

சரவணன்: ஞாயிறு காலை ஏழு மணிக்கு டேப்புடன் வந்துவிடுகிறேன், ஐயா.