வாசிகசாலை அண்ணையின் கல்வெட்டுக்கு எழுதுங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட வாசிகசாலை அண்ணை காலமான செய்தியைப் போன கிழமை பகிர்ந்திருந்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில் நடக்கும். கல்வெட்டை, அதாவது அவருடைய நினைவு மலரை, தொகுக்கும் பொறுப்பை அவருடைய மகள் என்னிடம் தந்திருக்கிறார். வந்த இரங்கல்களையெல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். நாற்பது பேருக்கு மேல் எழுதியிருந்தீர்கள். ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை ஒருவரும் எழுதவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு, வாசிகசாலை இருந்த சனசமூக நிலையத்தின் கதவு திறந்திருக்கும். பத்திரிகை வந்ததும் தாள்களை நடு மடிப்பில் பிரித்து, நீள வாங்கில் (பெஞ்சில்) ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைப்பார். ஒரு பத்திரிகையை ஒரே நேரத்தில் நாலு பேர் வாசிக்கலாம். பின்னேரம் தாள்களைத் திரும்ப ஒழுங்காக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து வைப்பார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகி வந்த பத்திரிகைகளும் அந்தக் கட்டில் இருந்தன. சம்பளம் இல்லாத வேலை அது.

அந்த வாங்கில் நாங்கள் பெயராகவும் படமாகவும் அறிந்தவர்களும் இந்தச் சில ஆண்டுகளில் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்து 'உதயன்' நாளிதழ் ஆசிரியர் கானமயில்நாதன் 2021 நவம்பரில் காலமானார். 2006 மே 2 இரவு ஆயுததாரிகள் அலுவலகத்துக்குள் நுழைந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்ற பிறகு, அவர் அலுவலகத்தையே வீடாக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்காக அங்கேயே இருந்தார். மறுநாள் காலையில் அண்ணை விரிப்பதற்குத் தாள் வந்தது என்றால், அங்கே ஒருவர் இரவிரவாக இருந்தார் என்பதுதான் காரணம். அப்போது எங்களுக்கு அது உறைக்கவில்லை.

2021 ஒக்டோபரில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிர்வாகி குமாரதாஸ மாப்பாண முதலியார் 92 வயதில் மறைந்தார். 1964 முதல் பொறுப்பில் இருந்தவர். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். உலகம் முழுவதும் விலை ஏறியது, அது ஏறவில்லை. பூசை நேரத்தில் மணி பிந்தியதும் இல்லை. வெளிநாட்டிலிருந்து போன நான் ஐந்தாயிரம் ரூபாய்த் தாளோடு நின்று, மாற்றிய காசு இல்லாமல், பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒரு ரூபாய் வாங்கி அர்ச்சனை செய்தேன். பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே சீட்டு என்று பலர் பேசுவார்கள். அவர் அதை அச்சடித்தே கொடுத்தார்.

எதிர்வீரசிங்கத்தை இங்கே இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1958 ஆம் ஆண்டு டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு ஆசிய விளையாட்டின் முதல் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தவர். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் மறைந்தார். வாசல் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த உயரத்தைத் தாண்டியிருக்கிறார்.

நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் 2025 ஜனவரியில் போனார், வயது 93. 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை ஊர்கள்தோறும் சனம் நிலத்தில் இருந்து பார்த்தது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தாய் தகப்பனைப் பற்றி 'எந்தையும் தாயும்' எழுதினார். அந்தப் பிள்ளைகள் நாங்கள்தான். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

எழுத்தாளர் டொமினிக் ஜீவாவைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 2021 ஜனவரியில் மறைந்தார். கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் முடி வெட்டிய கையாலேயே 1966 ஆம் ஆண்டு 'மல்லிகை' இலக்கிய இதழைத் தொடங்கி, நானூறு இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். தானே தோளில் சுமந்து, தெருத் தெருவாக விற்றார். அட்டையில் எழுத்தாளர்கள், கலைஞர்கள் எனப் பல துறையினரின் படம் வரும். உள்ளே, அட்டையில் இருப்பவரை அறிந்த ஒருவர் எழுதிய கட்டுரை இருக்கும். ஆளுக்கு உயிர் இருக்கும்போதே, அவரே வாசிக்கும்படி எழுதினார்கள். எங்கள் ஊரவர் ஒருவருக்கும் நாங்கள் அப்படிச் செய்ததில்லை.

இனிக் கல்வெட்டு. வழக்கமான தேவாரம், திதி வெண்பா, மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், நன்றி நவிலல் எல்லாம் இருக்கட்டும். அவை எங்கள் வழக்கம், எனக்கும் அவற்றில் பற்று உண்டு. ஆனால் புலம்பலில் பெயரை மாற்றினால் அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். அண்ணைக்கு மட்டும் பொருந்துகிற பத்துப் பக்கம் வேண்டும். அச்சானதும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுப்போம். அவர்கள் 2005 முதல் எங்கள் நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் மின்வடிவமாக்கி இணையத்தில் வைக்கிறார்கள். கனடாவில் பிறந்த பேரப்பிள்ளை ஒருநாள் தேடினால் கிடைக்கும்.

20ஆம் திகதி அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும், எழுத்துப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணையிடம் முதன்முதலில் இரவல் வாங்கிய புத்தகம் எது? 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வின்போது வாசிகசாலைத் திறப்பை (சாவியை) யாரிடம் கொடுத்தார்? தைத்து வைத்த அந்தக் கட்டுகள் என்னவாயின? எனக்குத் தெரியாத இவை உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

இன்னொன்று. மகள் அனுப்பிய படம் கடவுச்சீட்டுக்கு எடுத்தது. பழைய அல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். வாங்கும் தாளும் கல்லும் தெரிய, அண்ணை குனிந்து நிற்கிற ஒரு படம் யாரிடமாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் அனுப்புங்கள். அட்டைக்கு அதைத்தான் போடுவேன்.